முந்நூறு மெயில் வைத்தியம்

முனைவர் பட்டம் முடிக்கப்போகிறவருக்கு நம் ஆய்வகங்களில் சீனியர்கள் சொல்லும் கைவைத்தியம் ஒன்று உண்டு: "மெயில் போட்டுக்கிட்டே இரு. முந்நூறு போட்டா மூணு பேராவது பதில் சொல்லுவாங்க." போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, தேடுவது என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டது. பலிக்காத வைத்தியம் என்பதோடு போனால் பரவாயில்லை. இது கெடுதலும் செய்கிறது.

அந்த மெயிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தொடக்கம் 'ரெஸ்பெக்டட் சார்'. பெறுபவரோ பெண் பேராசிரியர். 'உங்கள் மதிப்புமிக்க' என்பதற்கு அடுத்து வரும் ஆய்வகத்தின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், ஒரு சுற்றுப் பெரிதாக நிற்கிறது. ஒட்டுப்போட்ட இடம் பல்லிளிக்கிறது. இணைப்பில் அப்பா பெயர், திருமண நிலை உட்படப் பன்னிரண்டு பக்க பயோடேட்டா. இதை மூட யாருக்கும் கல்நெஞ்சு வேண்டியதில்லை.

போஸ்ட்டாக் என்பது வங்கித் தேர்வு மாதிரி இத்தனை காலியிடம் என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்கிற வேலை அன்று. அமெரிக்காவில் பெரும்பாலும் என்.ஐ.எச்., என்.எஸ்.எஃப். போன்ற அரசு ஆய்வு நிதி அமைப்புகளிடம் பேராசிரியர் போராடி வாங்கிய திட்ட நிதியிலிருந்துதான் சம்பளம். நிதி வந்தால் இடம் உண்டு. திட்டம் முடிந்தால் இடமும் போயிற்று. 2024-இல் புது போஸ்ட்டாக்குக்கு என்.ஐ.எச். தன் பயிற்சி உதவித்தொகையில் நிர்ணயித்த ஆண்டுத் தொகை 61,008 டாலர். அந்த அளவுக்குப் பணம் கொடுக்கும் பேராசிரியர் தன் திட்டத்துக்கு வேண்டிய கைத்திறனைத் தேடுவாரா, 'எந்தத் தலைப்பிலும் வேலை செய்யத் தயார்' என்பவரைத் தேடுவாரா? பணிவு என்று நினைத்து நாம் எழுதும் அந்த வரியே காரியத்தைக் கெடுத்துவிடுகிறது.

"அவனுக்குக் கிடைச்சுதே!" என்பார்கள். பலித்த மெயிலைக் காட்டச் சொல்லுங்கள். அதில் மட்டும் ஆய்வுப் பொருத்தம் இருந்திருக்கும், அல்லது நெறியாளர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். மற்ற 299-க்கும் அதில் பங்கில்லை.

மாநாட்டுக்குப் போகக் காசில்லாத, வெளியில் யாரையும் தெரியாத மாணவர் வேறென்ன செய்வார்? நியாயமான கேள்வி. ஆனால் அவருக்கு அந்த மெயில் ஒன்றுதான் அறிமுகம். அதையும் இப்படி வீணாக்கலாமா? அவருக்கும் வழி உண்டு. ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்கு, போகும் நாட்டில் கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. வெளியாளுக்கென்றே போட்ட விதி. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகையும் உண்டு. இரண்டிலும் பேராசிரியரின் திட்ட நிதியிலிருந்து சம்பளம் போவதில்லை. ஆகவே 'இடம் இருக்கிறதா' என்று கெஞ்சாமல், 'இந்தக் கேள்வியை உங்கள் ஆய்வகத்தில் ஆராய விரும்புகிறேன், விண்ணப்பித்தால் ஏற்பீர்களா' என்று கேட்கலாம். அவருடைய கட்டுரைகளைப் படிக்காமல் அப்படி எழுத முடியாது. பத்துப் பேருக்கு எழுதுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

இதையெல்லாம் நெறியாளர்கள் அல்லவா சொல்லித்தர வேண்டும்? சிலர் பரிந்துரைக் கடிதத்தையே மாணவரை எழுதிவரச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். மூன்று பேர் கொடுத்த மூன்று கடிதமும் ஒரே நடையில், ஒரே பிழையோடு இருப்பது வாசிப்பவருக்குத் தெரியாமலா போகும்?