நூலக வரி கட்டுகிறோம், நூலகத்துக்குப் போகிறோமா?

வீட்டு வரி கட்டிய ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வரித் தொகைக்குக் கீழே நூலக வரி என்று இன்னொரு சிறு தொகை இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. மாநகராட்சியில் குடியிருந்தாலும் சரி, ஊராட்சியில் குடியிருந்தாலும் சரி, நாம் எல்லாரும் ஆண்டுதோறும் இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ரசீதை மடித்து அலமாரியில் வைத்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை.

இந்தச் சிறு தொகைக்குப் பெரிய வரலாறு உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படியொரு சட்டம் வந்தது இதுவே முதல்முறை. நூலகம் யாரோ ஒரு வள்ளல் மனமிரங்கிக் கொடுப்பதாக இருக்கக்கூடாது, மக்கள் வரியில் மக்களுக்காக நடக்க வேண்டும் என்பதே அதன் உள்ளக்கருத்து. அப்படிப் பார்த்தால் ஊரில் உள்ள நூலகம் நம்முடையது. நம் வீட்டுத் திண்ணையைப் போல உரிமையோடு போய் உட்கார வேண்டிய இடம்.

அண்மைக் காலத்தில் நூலகம் பற்றிய நல்ல செய்திகள் நிறைய வந்தன. 2010-இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெரிய கட்டடங்கள் எழுந்தன. நெல்லையிலும் காயிதே மில்லத் பெயரில் பெரிய நூலகம் அமையும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. போட்டித் தேர்வு எழுதும் நம் இளையோருக்கு இவை பேருதவி. ஆனால் நான்கு வயதுக் குழந்தை பேருந்தேறி நூலகத்துக்குப் போகாது. அதற்கு ஒரே தெருவில், ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகும் தூரத்தில் நூலகம் வேண்டும்.

அப்படியும் ஒன்று கட்டப்பட்டதை நாம் மறந்துவிட்டோம். 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் தமிழகத்தின் 12,618 ஊராட்சிகளுக்கும் சென்றது. ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்பது அத்திட்டத்தின் ஒரு பகுதி. ஊருக்குள் சிறு கட்டடம், நாற்காலிகள், புத்தகங்கள் எல்லாம் வந்தன. இன்று அவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன? ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது நாமே பார்த்தோம். வாசலில் துருப்பிடித்த பூட்டு. சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே பழைய குழாய்களும் ஒரு பக்கமாகச் சரிந்த புத்தக அடுக்கும். சாவி யாரிடம் என்று கேட்டோம். மூன்று பேர் மூன்று பெயரைச் சொன்னார்கள்.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கலும் இருக்கிறது. இந்த ஊராட்சி நூலகங்கள் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் வருபவை. நூலக வரியில் நடக்கும் ஊர்ப்புற நூலகங்களும் கிளை நூலகங்களும் பொது நூலகத் துறையைச் சேர்ந்தவை. பெயர்ப்பலகையைப் பார்க்கும் பொதுமக்களுக்கு இரண்டும் ஒன்றே. முறையிடப் போகும்போதுதான் வேறுபாடு தெரியும். எனவே எந்த நூலகம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

நூலகம் பூட்டிக் கிடந்தால் யாருக்கு நட்டம்? வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய நட்டமில்லை. அது கடையில் வாங்கிக்கொள்ளும். 2022-ஆம் ஆண்டின் அசர் ஆய்வு கிராமப்புறத் தமிழகத்தைப் பற்றிச் சொன்ன கணக்கு நம்மைத் தலைகுனிய வைப்பது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2022-இல், நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2024 ஆய்வில் நிலைமை முன்னேறியிருக்கிறது. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் ஆகிய திட்டங்களில் உழைத்த ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் பாராட்டுக்குரியவர்கள். இருந்தாலும், கொரோனாவுக்கு முன்பே நிலை அவ்வளவுதான் என்பதை மறந்துவிட்டு எல்லாப் பழியையும் கிருமியின்மேல் போடுவது சரியாகாது.

ஏன் இப்படி? ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. ஆனால் முதல் வகுப்புக்குள் நுழையும் முன்பே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. தமிழில் இதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத்துத் தமிழ் வேறு. நம் ஊர்ப் பிள்ளை வீட்டில் கேட்பது "அவிய வந்தாவ" என்பது. புத்தகத்தில் இருப்பது "அவர்கள் வந்தார்கள்". எழுத்தைக் கூட்டி வாசித்தாலும் அந்தச் சொல் அதுவரை காதில் விழாத சொல். எனவே பிள்ளை எழுத்தோடு ஒரு புது மொழியையும் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கிறது. மூன்று வயதிலும் நான்கு வயதிலும் யாராவது மடியில் வைத்துப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டியிருந்தால் "வந்தார்கள்" என்பது காதுக்குப் பழகியிருக்கும். பள்ளியில் அந்த எழுத்தைக் கண்டதும், 'ஓ, இதுதானா அது' என்று மனம் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பழகாத பிள்ளை ஒவ்வொரு எழுத்தாக முட்டி மோதி வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும்.

வாசித்துக் காட்ட நேரமில்லை என்பார்கள் நம் தாய்மார்கள். உண்மைதான். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கங்களில் மடியில் சுளகு இருக்கும்வரை குழந்தைக்கு மடியில் இடமில்லை. ஒரு நாள் பீடி குறைந்தால் வாரக் கூலி குறையும். இங்கேதான் கண்ணூர் பீடித் தொழிலாளர்களை நினைத்துக்கொள்கிறோம். கேரளத்தின் அந்தப் பகுதியில் பீடி சுற்றும் கூடங்களில் ஒருவர் மட்டும் வேலையை நிறுத்திவிட்டுச் செய்தித்தாளும் புத்தகமும் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். வாசித்தவருக்கு வருமானம் குறையாதபடி அவருடைய பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத தொழிலாளர்கள் உலக நடப்பைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். அங்கே கூடம், இங்கே வீட்டுத் திண்ணை. ஆனால் மாலையில் நாலைந்து பெண்கள் ஒரு திண்ணையில் சேர்ந்து சுற்றுவது நம் ஊர்களிலும் உள்ள வழக்கமே. அங்கே எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா ஒருத்தி படக்கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால், சுற்றியிருக்கும் குழந்தைகளுக்கும் கதை, தாய்மார்களுக்கும் கதை. புத்தகம் நூலகத்திலிருந்து வரட்டும்.

பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடியையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. அங்கே சோறும் சத்துமாவும் கிடைப்பது தெரியும், கல்வியும் உண்டு என்பது பலருக்கு மறந்துவிட்டது. 2019 சனவரியில் அன்றைய நெல்லை ஆட்சியர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தம் மகளைப் பாளையங்கோட்டையில் ஓர் அங்கன்வாடியில் சேர்த்தார். நாடெங்கும் செய்தியானது. நாமும் பாராட்டினோம். பாராட்டிவிட்டு நம் பிள்ளைகளை ஆங்கிலவழி மழலையர் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பினோம்! மூன்று வயதில் பேனாவைப் பிடித்து எழுதச் சொல்லும் பள்ளியில் இடம் வாங்க விடியற்காலையில் வரிசையில் நிற்கும் நாம், அதே வயதில் கதை கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டதுண்டா?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992-இல் 300 குடும்பங்களுக்குக் கைக்குழந்தைக்கான புத்தகங்களை இலவசமாகக் கொடுத்து ஒரு முயற்சி தொடங்கினார்கள். நூலகத் துறையும் நலவாழ்வுத் துறையும் கைகோத்தன. பின்னர் அது நாடு முழுவதும் பரவியது. நம் ஊரில் தடுப்பூசி நாளன்று எல்லாத் தாய்மாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஊர்ப்புற நூலகர் அன்று ஒரு பை நிறையப் படப் புத்தகங்களோடு அங்கே வந்தால் போதும். குறைந்த ஊதியத்தில் ஒற்றை ஆளாக நூலகத்தைக் கூட்டித் துடைத்து நடத்துபவர் அவர். அவரை மட்டும் அலையவிடாமல் நாம் இரண்டு பேர் உடன் போகலாமே.

கல்விப் பணியில் நமக்கு நீண்ட மரபு உண்டு என்று பெருமை கொள்கிறோம். உண்மைதான். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த அண்ட்ரிக் அடிகளார் 1578-இல் தம்பிரான் வணக்கத்தைக் கொல்லத்தில் அச்சிட்டார். 16 பக்கமே உள்ள சிறு நூல். இந்திய மொழிகளில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் என்று அறிஞர்கள் சொல்வது அதைத்தான். 1586-இல் வந்த அவருடைய அடியார் வரலாறு புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது பலருடைய கருத்து. அந்த அச்சுப் பணிக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். கடலுக்குப் போய் உழைத்த காசில் எழுத்து வார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரிந்திருக்குமா என்பதே ஐயம்.

இன்று நம் பங்குகளில் புத்தகம் எங்கே இருக்கிறது? பல இடங்களில் பங்கு அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே வெள்ளிவிழா மலர்கள், பொன்விழா மலர்கள், யாரோ அன்பளித்த ஆங்கில இறையியல் நூல்கள். சாவி உபதேசியாரிடம். அவர் வெளியூர் போயிருப்பார். இதற்குமேல் புதிதாகப் பங்கு நூலகம் ஒன்று தொடங்கித் திறப்பு விழா நடத்துவதில் நமக்கு நம்பிக்கையில்லை. நம் பிள்ளையும் பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளையும் மேலப்பாளையத்து முஸ்லிம் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கும் இடம் பொது நூலகம்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். வழிபாட்டுத் தலங்களுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. சொத்து வரி இல்லையென்றால் அதன்மேல் வரும் நூலக வரியும் இல்லை. கோவிலாக நாம் செலுத்தாத அந்தப் பத்துக் காசை வேறு வழியில் செலுத்தலாம் அல்லவா?

பொது நூலகத்துக்கு நம்மவர்கள் தோள் கொடுத்த முன்மாதிரி கடலுக்கு அப்பால் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா என்பவர் 1933-இல் தம் வீட்டிலேயே புத்தகங்களை வைத்து இரவல் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் அதனோடு சேர்ந்தார்கள். அதைப் பெரிய பொது நூலகமாக எழுப்ப ஓடி ஓடி உழைத்தவர்களில் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபரான லோங் அடிகளார். ஆலோசனை சொன்னவர் நம் ரங்கநாதன், கட்டட வரைபடம் தந்தவர் சென்னையின் நரசிம்மன். 1959-இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தின் முன்னே அடிகளாருக்குச் சிலை வைத்தார்கள். அவர் உழைத்தது நகரத்தின் நூலகத்துக்கு. ஊரில் பெரும்பான்மையினர் சைவர்கள். 1981-இல் மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் அந்தத் தீயை மாடியிலிருந்து பார்த்து, அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். ஒரு நூலகம் போனால் அங்கே உயிர் போனது. இங்கே பூட்டுத் துருப்பிடித்தும் நாம் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

செய்வதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு பொது நூலகத்துக்கும் வாசகர் வட்டம் அமைக்கலாம். அது இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் சேருங்கள். நன்கொடை தந்து நூலகப் புரவலர் ஆகலாம். முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைக்குப் பட்டுடையும் கேக்கும் வாங்குகிறோம், அந்தச் செலவில் ஒரு சிறு பகுதியை அவன் பெயரில் ஊர் நூலகத்துக்குக் கொடுக்கலாம். அன்பியக் கூட்டத்துக்குத் தாய்மார் வரும்போது உடன் வரும் சிறுவர்கள் வாசலில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த அரை மணி நேரம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டட்டும்.

பூட்டிய நூலகத்தைத் திறக்கக் கேட்கும் இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. ஆகஸ்ட் 15 அவற்றில் ஒன்று. விண்ணேற்புத் திருநாள் திருப்பலி முடிந்து, கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம், கிராம சபை நாமில்லாமல் நடக்கும். நவம்பர் 1-உம் ஒன்று. மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதால் சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள்கூட முன்தினமே ஊருக்கு வந்திருப்பார்கள். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையை ஒரு மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, வீட்டு வரி ரசீதோடு போய் உட்காருவோம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.