கவிதைக்கு வழக்கு: காவல் நிலையத்தில் நிற்கும் கருத்துச் சுதந்திரம்

குஜராத்தின் ஜாம்நகரில் 2024 டிசம்பர் இறுதியில் கூட்டுத் திருமண விழா ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினரும் உருதுக் கவிஞருமான இம்ரான் பிரதாப்கடி, விழாவின் 46 விநாடி காணொளியை எக்ஸ் தளத்தில் பதிவிட்டார். அதன் பின்னணியில் ஓர் உருதுக் கவிதை ஒலித்தது. அநீதியையும் அன்பால் எதிர்கொள்வோம் என்பதே அதன் கருத்து. ஆனால் சமூகங்களிடையே பகைமை வளர்ப்பதாகச் சொல்லி, பாரதிய நியாய சன்ஹிதா 196 உள்ளிட்ட பிரிவுகளில் 2025 ஜனவரி 3 அன்று அவர்மீது வழக்குப் பதிவானது. குஜராத் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்ய மறுத்தது.

2025 மார்ச் 28 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு வழக்கை ரத்து செய்தது. கவிதை எந்த மதத்தையும் சாதியையும் குறிப்பிடவில்லை என்றது. எதைக் கேட்டாலும் அச்சுறுத்தலாகக் கருதும் மனநிலையைக் கொண்டு ஒரு பேச்சை அளக்கக் கூடாது, நியாயமும் உறுதியும் உள்ள மனிதரின் பார்வையில்தான் அளக்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது.

இதன் வேர் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. பிரிவு 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) எந்தெந்தக் காரணங்களுக்காக அரசு அதில் தலையிடலாம் என்று பட்டியலிடுகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்றவை அதில் உள்ளன. ஆட்சியாளருக்குப் பிடிக்காத பேச்சு என்பது அதில் இல்லை. அதாவது, அந்தப் பட்டியல் அரசின் கைக்குப் போடப்பட்ட எல்லை.

இரு பக்கமும் நமக்குப் பங்குண்டு

வெறுப்புப் பேச்சுக்கு எதிராக நடவடிக்கை கேட்பவர்கள் நாம். புகார் வராவிட்டாலும் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டபோது மகிழ்ந்தோம். அதற்காக நாம் நாடும் முக்கியமான சட்டப்பிரிவும் இதே 196 தான். வன்முறைக்கு அழைப்பு விடுப்பவர்மீது பாய வேண்டிய அந்தப் பிரிவு, அன்பைப் பாடிய கவிதையின்மீது பாய்ந்தது. ஆகவே சட்டம் இருந்தால் மட்டும் போதாது. பேச்சின் நோக்கம் என்ன, விளைவு என்ன என்ற அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தீர்ப்பு காவல் நிலையத்துக்குப் போய்ச் சேருமா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகும் காவல்துறை அதன்கீழ் வழக்குகள் பதிந்தது. இனி யார்மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அலைக்கழிக்கப்பட்டவர்களுக்குத் தீர்ப்பு வெறும் காகிதமாகவே இருந்தது.

இம்ரான் வழக்கின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றச்சாட்டுகளில், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(3) இடமளிக்கிறது. பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில் அந்த வழியைப் பின்பற்றுவதே பொருத்தம் என்கிறது தீர்ப்பு.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை மீதமுள்ளது. பழைய தேசத்துரோகச் சட்டமான 124ஏ பிரிவை 2022 மே மாதம் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் சாயலில் 152ஆம் பிரிவு வந்துவிட்டது. அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்பதால் 173(3) தரும் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. கடுமையான பிரிவைச் சேர்த்தாலே முதற்கட்ட விசாரணையைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

ஆட்சியாளரைத் திருத்தும் உரிமை நமக்குப் புதிதல்ல. நான் தவறினால் என்னைத் திருத்துங்கள் என்று தம் முதல் உரையிலேயே மக்களிடம் கேட்டவர் கலீஃபா அபூபக்கர் (ரலி). அதேபோல் பிறர் வணங்குபவற்றை ஏசுவதைத் திருக்குர்ஆன் (6:108) தடுக்கிறது. நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் எழுதும்போது இரண்டையும் நினைவில் வைக்கட்டும். 173(3) என்ற எண்ணையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.