எடை குறைப்பு ஆபரேஷன்: பிறகு பத்தியம் பார்ப்பது யார்?

2014ஆம் ஆண்டு மே மாதம் மத்திய நிதி மந்திரியாகப் பதவியேற்ற அருண் ஜேட்லி, அதே ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் தில்லி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டார். நெடுநாளைய சர்க்கரை வியாதியால் கூடிய எடையைக் குறைப்பதற்காக என்று அப்போது சொல்லப்பட்டது. வீடு திரும்பியவர் அந்த மாதக் கடைசியிலேயே எய்ம்ஸில் சேர்க்கப்பட நேர்ந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2011 செப்டம்பரில், பா.ஜ.க. தலைவராக இருந்த நிதின் கட்கரி மும்பையில் இதே நோக்கத்துடன் ஆபரேஷன் செய்துகொண்டார். பிற்பாடு மத்திய மந்திரியாகவும் ஆனார். ஜேட்லிக்கு 2018ல் நடந்த சிறுநீரக மாற்று ஆபரேஷனையும் 2019 ஆகஸ்டில் நேர்ந்த மரணத்தையும் இந்த ஆபரேஷனின் கணக்கில் எழுதுவதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் தலைநகரின் பெரிய டாக்டர்கள் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஒரு மந்திரிக்கே ஆபரேஷனுக்குப் பிந்திய நாட்கள் எளிதாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

மந்திரிகளின் விவகாரம் குமாஸ்தாக்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தில்லியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 41.3 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். ஊரை விட்டு ஊர் வந்தாலும் இந்த ஒரு கணக்கில் வித்தியாசம் அதிகமில்லை. பிரதமர் மோடி 2025 பிப்ரவரியில் வானொலியில் பேசும்போது சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைக்கும்படி கேட்டுக்கொண்டதும் இதற்காகத்தான். எண்ணெயைக் குறைத்து, நடைப் பயிற்சி செய்து, மூட்டு வலியும் சர்க்கரையும் அடங்காமல் கடைசியில் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறவர்கள் இப்போது நடுத்தர வர்க்கத்திலும் இருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம் 2019ல் வகுத்த விதியும் இதற்கு ஒரு காரணம். உடல் எடைக் குறியீடு 40ஐத் தொட்டாலோ, கடுமையான இருதய நோய், அடங்காத சர்க்கரை போன்றவற்றுடன் 35ஐத் தொட்டாலோ, டாக்டர் சிபாரிசின் பேரில் செய்யும் ஆபரேஷனை எடை குறைப்பு என்ற ஒரே காரணத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளிவிட முடியாது. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவருக்கு 40 என்பது ஏறத்தாழ 109 கிலோ. 35 என்பது 95 கிலோ.

பரவலாகச் செய்யப்படும் ஆபரேஷன்கள் இரண்டு. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்துவிட்டு, வாழைப்பழம் போல் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். மற்றதில் இரைப்பையின் மேல்முனையில் முப்பது மில்லி கொள்ளும் சிறு பை அமைத்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கிறார்கள். பலன் இல்லாமல் இல்லை. ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரண விகிதம் மற்றவர்களைவிடக் குறைந்தது தெரிய வந்தது.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இத்தகைய ஆபரேஷனுக்குச் சென்ற இளைஞர் ஒருவர் இறந்தபோது, சர்க்கார் விசாரணை வரை போய்ப் பத்திரிகைகளில் அடிபட்டது. மேஜையில் நேரும் மரணம் செய்தியாகிறது; வீட்டில் ஆறு மாதம் கழித்து வரும் தள்ளாட்டம் செய்தியாவதில்லை.

முதல் இரண்டு வாரம் திரவ ஆகாரம்; பிறகு கூழ்; அப்புறம் குழைந்த சாதம் போன்ற மெதுவான உணவு; ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் சாதாரணச் சாப்பாடு. அதுவும் தட்டில் பாதிகூட இருக்காது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் விட வேண்டும். இத்தனைக்கும் நடுவே நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு இட்லியில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். ரசம் சாதமும் மோர் சாதமும் "வயிற்றுக்கு லேசு" என்று கொடுக்கும் தமிழ்க் குடும்பங்களில் கணக்கு உதைப்பது இங்கேதான். பருப்பு, முட்டை, பனீர், சோயா என்று சமையலறையே மாற வேண்டியிருக்கிறது. வடநாட்டுப் பனீரைப் பற்றித் தில்லித் தமிழர்கள் என்ன சொன்னாலும் இந்த விஷயத்தில் அது கைகொடுக்கும்.

தில்லியின் மே மாதம் இன்னொரு சோதனை. வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் சிறு இரைப்பைக்காரர் ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது. நாள் முழுவதும் மிடறு மிடறாகத்தான். பையில் பாட்டில் இல்லாமல் பஸ் ஏறுகிறவர், உடலில் நீர் வற்றி மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம். இனிப்பைச் சற்று அதிகம் சாப்பிட்டால், குறிப்பாகக் குடல் மாற்றி இணைத்தவர்களுக்கு, படபடப்பும் வியர்வையும் பேதியும் வருவதுண்டு. தீபாவளி லட்டு விஷயத்தில் இதை அனுபவித்தவர்கள் மறப்பதில்லை. மூன்று மாதத்துக்குப் பின் தலைமுடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்றாலும், பெண்களை இது வாட்டுகிறது.

இவற்றையெல்லாம்விட அபாயமானது ஓயாத வாந்தி. தயாமின் என்னும் பி-1 வைட்டமின் உடலில் சில வாரங்களுக்கு மேல் தங்குவதில்லை. வாந்தியோடு அதுவும் தீர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்பட்டு, நடை தடுமாறி, நினைவு குழம்பும். தீட்டிய அரிசியை நம்பிய மக்களைப் பீடித்த பெரிபெரிக்கும் இதே குறைதான் காரணம். அந்த நோயை ஆராயத்தான் மெக்காரிசன் 1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் வேலை தொடங்கினார். அதுவே வளர்ந்து ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிலையமாயிற்று. நூறாண்டுக்கு முந்திய ஏழைகளின் வியாதி லட்சக்கணக்கில் செலவழித்த ஆபரேஷனுக்குப் பின் திரும்பி வரக்கூடும் என்பது விசித்திரம். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி-12, டி வைட்டமின்கள் ஆயுள் முழுவதும் வேண்டியவை. பல பாலிசிகள் ஆஸ்பத்திரிக்குப் பிந்திய செலவை இரண்டு மூன்று மாதங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. அதன் பிறகு மாத்திரைப் பில் சம்பளக் கவரிலிருந்து போக வேண்டியதுதான்.

லீவு விஷயம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மத்திய சர்க்கார் சிப்பந்திக்கு ஆண்டுக்கு இருபது நாள் அரைச் சம்பள லீவு சேர்கிறது. டாக்டர் சர்டிபிகேட்டுடன் அதை முழுச் சம்பள லீவாக மாற்றினால் பாதி நாட்களே கிடைக்கும். இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. தினக்கூலிக்குப் போகிறவருக்கு இரண்டும் இல்லை. மூட்டை தூக்குவதை டாக்டர்கள் சில வாரங்களுக்குத் தடுக்கிறார்கள் என்பதை வைத்து மற்றதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தில்லித் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எய்ம்ஸில் காத்திருக்க முடியாதவர்களும், கவனித்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களும், அம்மாவோ அக்காவோ இருக்கும் ஊரை நாடிச் சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டு வருவது இயல்பு. கத்தி வைத்த டாக்டர் அங்கே, வேலை இங்கே. இடையில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ரயில் பயணம். ஆபரேஷனான சில வாரங்களில் இப்படி அசையாமல் உட்கார்ந்து வந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. எப்போது புறப்படலாம் என்பதை டாக்டரிடம் கேட்ட பிறகே டிக்கெட் ரிசர்வ் செய்ய வேண்டும். முதல் வருஷம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் இந்தத் தூரத்தில்தான் தவறிப்போகின்றன. எடை இறங்கிக்கொண்டே இருக்கும் முதல் ஒன்றரை வருஷத்தில் யாருக்கும் பரிசோதனை ஞாபகம் வருவதில்லை. எடை மறுபடி ஏறத் தொடங்கும்போது வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் போவதில்லை.

சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே தில்லியில் பார்க்கப்போகும் டாக்டரை முடிவு செய்து, எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, என்னென்ன மாத்திரை என்ற விவரத்தை எழுதி வாங்கி வருவது பெரிய காரியமல்ல. குடல் மாற்றி இணைத்தவருக்குச் சாதாரண வலி மாத்திரைகளில் சில புண் உண்டாக்கும். முதுகு வலிக்கு மருந்து எழுதும் கரோல் பாக் டாக்டருக்கு அது தெரிய வேண்டுமானால், டிஸ்சார்ஜ் சீட்டு ஊரில் அம்மாவின் பீரோவில் இருந்து பயனில்லை.