டாக்டரிடம் கேளுங்கள்: மாமியாருக்கு விரல் மரத்துப் போகிறதே!

"என் மாமியாருக்கு எட்டு வருஷமாக டயாலிசிஸ். இப்போது தோள் வலி. ராத்திரியில் கைவிரல்கள் மரத்துப் போகின்றன. எலும்புக்குப் பலம் என்று தினமும் கேழ்வரகுக் கஞ்சியும் இரண்டு டம்ளர் பாலும் கொடுக்கிறேன். குறையவில்லையே, ஏன்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு சகோதரி.

முதலில் அந்தக் கஞ்சியையும் பாலையும் குறையுங்கள், அம்மா. நல்ல மனசோடுதான் கொடுக்கிறீர்கள். ஆனால் இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. வைட்டமின் டி-யை உடம்புக்குப் பயன்படும்படி மாற்றித் தருவதும் சிறுநீரகம்தான், அதுவும் நின்றுபோகும். ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உடனே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் (அரிசி மணி அளவுதான்!) எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பித்துவிடும்.

மெஷின் பாஸ்பரஸை எடுக்காதா என்பீர்கள். எடுக்கும், நாலு மணி நேரத்தில் ஏறக்குறைய 800 மில்லிகிராம். ஆனால் அது வாரம் மூன்று தடவைதானே, சாப்பாடோ தினமும்! அதனால்தான் பாஸ்பரஸைக் கட்டிப்போடும் மாத்திரை தருகிறார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடவேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் வீண். புரதத்துக்கு முட்டையின் வெள்ளைக்கரு கொடுக்கலாம்.

விரல் மரப்பது வேறு விஷயமாக இருக்கலாம். டயலைசருக்குள் தலைமயிர் போல ஆயிரக்கணக்கான இழைக்குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் சுவர்தான் ரத்தத்தை வடிகட்டும் சவ்வு. பஞ்சிலிருந்து எடுத்த செல்லுலோஸில் செய்த பழைய சவ்வுகளில் துளைகள் மிகவும் பொடி. யூரியா போகும், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் போகாது. அது வருஷக்கணக்கில் சேர்ந்து மூட்டு, எலும்பு, மணிக்கட்டு என்று படியும். படிவது இந்தப் புரதம்தான் என்று 1985-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் விரல்கள் மரக்கும்.

துளை பெரிதான 'ஹை ஃப்ளக்ஸ்' சவ்வு இந்தப் புரதத்தை ஓரளவு எடுத்துவிடும். ஏற்கெனவே படிந்ததைக் கரைத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மேலும் சேர்வதைக் குறைக்கும், அவ்வளவுதான். விலையும் கொஞ்சம் கூடுதல். அதற்குத் தண்ணீரும் மிகச் சுத்தமாக இருக்கவேண்டும்.

அடுத்த தடவை போகும்போது எந்த வகை டயலைசர் போடுகிறார்கள், பாஸ்பரஸும் பாராதைராய்டு ஹார்மோனும் கடைசியாக எவ்வளவு இருந்தன என்று கேளுங்கள். விரல் மரப்பதையும் தோள் வலியையும் மறக்காமல் சொல்லுங்கள். 'வயசாச்சு, வாதம்' என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்தவேண்டாம். மணிக்கட்டு நரம்பை விடுவிக்கச் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. கடையில் கேட்டுக் கால்சியம் மாத்திரை வாங்கித் தருவதும் வேண்டாம், அம்மா. பரிசோதனை பார்த்து டாக்டர் எழுதித் தரட்டும்.