உப்புக் காற்றும் பழைய கணிப்பொறியும்



குலசேகரன்பட்டினத்துக் கடற்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. சன்னல் கம்பிகளைத் தின்ற அந்த உப்பு, சென்ற தை மாதம் பங்கு அலுவலகக் கணிப்பொறியின் மதர்போர்டையும் தின்றுவிட்டது. எனக்கு முன்னிருந்த தந்தை ஒருவர், 2004-இல் ஞானஸ்நானப் பதிவேடுகள் முழுவதையும் அதில் தட்டச்சிட்டு வைத்திருந்தார். மூல ஏடுகள் உள்ளன. ஆனால் சில பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது. அவற்றுக்கு அந்தப் பெட்டியே சாட்சி. மும்பையில் மணமுடிக்கவிருந்த ஒரு பெண்ணின் பெயர் அரிக்கப்பட்ட பக்கத்தில் இருந்தது. "சாமி, வர்ற ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிக்கணும்" என்று அவளுடைய தந்தை வந்து நின்றார்.

பெட்டியைச் சுமந்துகொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். கடைத் தம்பி வட்டைக் கழற்றித் தம் கணிப்பொறியில் பூட்டிப் பார்த்தார். கோப்பு திறந்தது, எழுத்தெல்லாம் கிறுக்கல். அக்காலத்தில் தமிழ்ச் செயலி செய்த நிறுவனங்கள் பல தத்தமக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010-இல்தான். எங்கள் செயலியோ, அச்சுப்பொறிக்கான துளையில் ஒரு பூட்டுக்கட்டையைச் செருகினால் மட்டுமே திறக்கும். அதுவும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான்.

புதிய மதர்போர்டு வாங்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். புதியவற்றில் அந்தத் துளையே இல்லை. இருந்தாலும் பயனில்லை. உறுப்பு ஒவ்வொன்றோடும் பேசுவதற்கு இயக்க முறைமைக்கு 'டிரைவர்' என்னும் சிறு நிரல் வேண்டும். பழைய நாள் துபாஷியைப் போல. உறுப்பைச் செய்கிறவர் அதை எழுதித் தராவிட்டால், நல்ல உறுப்பும் ஊமைதான். 2001-இல் வந்த எக்ஸ்பியின் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்திவிட்டது. அதற்கு இன்று யார் துபாஷி எழுதித் தருவார்?

நம் ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டதல்லவா? ராக்கெட்காரர்களும் இத்துன்பத்துக்குத் தப்பவில்லை. விண்ணோடத்தின் பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவிகளுக்காக, இன்டெல் 1978-இல் வெளியிட்ட 8086 சில்லுகளை அமெரிக்காவின் நாசா இணைய ஏலத்தில் தேடியலைந்ததாக 2002-இல் செய்தி வந்தது. அதை அறிந்தபின் என் வெட்கம் சற்றுத் தணிந்தது.

நான்கு நாள் அலைந்தபின், தூத்துக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் அதே இனத்து மதர்போர்டு தூசிக்குள் கிடந்தது. விலை சொற்பம், ஆட்டோக் கூலி அதைவிட அதிகம்! பெட்டி உயிர்பெற்றது, பெயரும் கிடைத்தது. சான்றிதழைக் கையால்தான் எழுதினேன். அந்தப் பெட்டிக்கேற்ற அச்சுப்பொறியை இனிமேல்தான் தேடவேண்டும்.

பாதுகாப்புத் திருத்தங்கள் வாராமையால் அதை இணையத்தோடு இணைப்பதில்லை. சனிக்கிழமைதோறும் இளைஞர் நால்வர் அதன் திரையைப் பார்த்துப் புதுக் கணிப்பொறியில் யூனிகோடில் மறுபடியும் தட்டச்சிடுகிறார்கள். இதுவரை மூன்று ஏடுகள் முடிந்தன; இன்னும் பதினொன்று. கரையான் தின்ற பக்கங்களை முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.