பிளவுக்கு முன் நிகழும் தீர்மானம்

உயிரணு இரண்டாகப் பிளவுறும் முறையைப் பாடநூல்கள் நான்கைந்து படங்களால் விளக்குகின்றன. குரோமோசோம்கள் தடிக்கின்றன, நடுவில் வரிசையுறுகின்றன, இருபுறமும் பிரிகின்றன. மாணவர் இதனை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கின்றனர். ஆயினும், பிளவுறலாமா கூடாதா என்பதை உயிரணு எவ்வாறு தீர்மானிக்கின்றது என்னும் கேள்வி வகுப்பில் எழுவது அரிது. பாடத்தின் உயிர்நாடியோ அக்கேள்வியிலேயே உள்ளது.

அதற்கு விடை அளித்தது ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட். நல்ல உணவு கிடைப்பின், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இச்சிற்றுயிர் அரும்புவிட்டு இரண்டாகும். வெப்பம் மிகுந்தால் பிளவின் ஏதேனும் ஒரு கட்டத்தில் நின்றுவிடும் திடீர்மாற்ற வகைகளை 1970 முதல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லீலண்டு ஹார்ட்வெல் ஆராய்ந்தார். அரும்பின் அளவே, எக்கட்டத்தில் தடை நேர்ந்தது என்பதைக் காட்டிற்று. பிளவுக்கான தொடக்கத்தை ஆளும் சி.டி.சி.-28 என்னும் ஜீன் இவ்வாறே வெளிப்பட்டது.

தொடக்கத்தின் நுட்பம் பின்னர் விளங்கிற்று. டி.என்.ஏ.வை இரட்டிப்பதற்கு வேண்டிய ஜீன்களைப் படியெடுக்கத் தூண்டும் புரதத்தின்மீது டபிள்யூ.எச்.ஐ.-5 என்னும் தடைப் புரதம் பூட்டுப்போல் அமர்ந்துள்ளது. உயிரணு போதிய அளவு வளர்ந்ததும், சைக்ளினுடன் கூடிய நொதி அப்பூட்டின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகின்றது, பூட்டு விலகுகின்றது, சுமார் 200 ஜீன்கள் ஒருங்கே விழிக்கின்றன. ஈஸ்டின் ஏறத்தாழ 6,000 ஜீன்களில் சுமார் 800 ஜீன்கள் பிளவுச் சுழற்சிக்கேற்ப ஏறி இறங்குவதை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மனித உயிரணுவிலும் ஏற்பாடு இதுவே. அங்குப் பூட்டாக அமைவது ஆர்.பி. என்னும் புரதம். அமைப்பில் இரண்டும் ஒத்தவை அல்ல, செயலில் ஒத்தவை. ஆர்.பி. ஜீன் பழுதுற்றால் குழந்தைகளின் விழித்திரையில் புற்றுநோய் தோன்றுகின்றது. இப்பூட்டைத் திறக்கும் நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்ளிப் என்னும் மருந்து, மார்பகப் புற்றுநோய்க்கு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிமதி ஹன்ட் ஆகியோர் 2001-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

பாடத்திட்டம் ஏற்கெனவே கனத்துள்ளது, இதற்கு நேரம் ஏது எனச் சிலர் கூறலாம். கூடுதல் பாடம் எதுவும் தேவையில்லை. பாடத்தின் வரிசையை மாற்றினால் போதும். முதலில் தீர்மானம், பின்னர் காட்சிகள். வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் சிறிது ஈஸ்டைக் கரைத்து ஓரிரு மணி நேரம் வைத்து, ஒரு துளியைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால், சிறிதும் பெரிதுமான அரும்புகள் தென்படும். தொடங்கியது எது, முடியும் தறுவாயில் உள்ளது எது என மாணவரே கூறட்டும்.

களப்பணியாளருக்கும் இதனால் பயன் உண்டு. புற்றுநோயைத் தொற்று என்றும் சாபம் என்றும் அஞ்சி, நோயுற்றோரை ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. கட்டுப்பாட்டின் பூட்டு தளர்ந்த உயிரணுவின் கட்டுக்கடங்காப் பெருக்கமே அந்நோய் என எளிய சொற்களில் விளக்கவல்லவர், அச்சத்தை நீக்கி நோயாளியைக் காலத்தே மருத்துவமனைக்கு அனுப்ப இயலும். அவ்விளக்கத்தைப் பள்ளியிலேயே பெற்ற தலைமுறைக்கு அவ்வச்சம் எளிதில் தோன்றாது.