தேயிலைக்கு உள்ள விசாரணை தங்கத்துக்கு வேண்டாமா?

கேரளத்து ஏலப்பாறை போன்ற மலைப் பிரதேசங்களில் கிள்ளப்படும் கொழுந்தை வாங்குகிற அந்நிய தேசத்து வியாபாரிகளிற் பலர், செடிக்கு என்ன மருந்து தெளித்தார்கள், கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, சிறுவர்களை வேலைக்கு வைத்தார்களா என்றெல்லாம் விசாரித்து, இவற்றுக்குச் சான்றாகப் பச்சைத் தவளைச் சின்னம் பெற்ற தேயிலையையே விரும்பி எடுக்கிறார்கள். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய தோட்டத் தொழிலாளி, போனஸ் பணத்தோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்து மகளுக்கென்று ஒரு சோடித் தோடு வாங்கும்போது, அந்தப் பொன் எந்த மண்ணிலிருந்து யார் கையால் வந்தது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

2021 ஜூன் 16 முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற அடையாளம் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மாற்றைச் சொல்லுமேயன்றி மூலத்தைச் சொல்லாது.

மூலத்தைக் காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில், 1880-ல் பிரோ ஸ்மித் என்பவர் எழுதிய அறிக்கையை நம்பி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெருமுதல் போட்டுக் குடைந்து, சில வருஷங்களிலேயே நஷ்டப்பட்டுக் கைவிட்டுப்போன சுரங்கங்களுக்குள், ஏழைகள் இன்றும் இறங்குகிறார்கள். இவர்களில், 1964-ம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இலங்கையிலிருந்து வந்து, தேயிலைக் கூலி போதாமல் இதை ஜீவனோபாயமாகக் கொண்டவர்களும் உண்டு. வெட்டிய கல்லை இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசி, பாதரசம் விட்டுப் பிசைந்தால் பொன்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். துணியில் இட்டுப் பிழிந்து அடுப்பிற் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் பொன் தங்கும். அந்த ஆவி காய்ச்சுகிறவருடைய சுவாசத்தில் கலக்கிறது. எஞ்சிய பாதரசம் ஓடையில் இறங்கி மீனுக்குப் போகிறது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு புன்னம்புழையாகிக் கேரளத்துச் சாலியாற்றிற் சேர்வதால், இது ஒரு மாநிலத்தோடு நிற்கிற விஷயமும் அன்று.

உலகில் புதிதாக வெட்டியெடுக்கப்படும் தங்கத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இத்தகைய சிறு சுரங்கங்களிலிருந்து வருகிறது. மனிதச் செயலால் காற்றிற் கலக்கும் பாதரசத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இத்தொழிலால் உண்டாவதே என்று 2018-ல் ஐ.நா. மதிப்பிட்டது. இந்தத் தொழிலில் பாதரசத்தைக் குறைக்கவும், கூடுமானால் அறவே விலக்கவும் வேண்டுமென்கிற மினமாட்டா ஒப்பந்தத்தை அதே வருஷம் நம் தேசமும் ஏற்றுக்கொண்டது.

தேவாலாவில் நடப்பதோ வேறு. போலீசார் பிடிப்பதும், குழியின் வாயை மூடுவதும், சில மாதங்களில் அது மறுபடி திறப்பதும், மண் சரிந்து உயிர் போவதுமாகக் காலம் கழிகிறது. 1957-ம் வருஷத்துக் கனிமச் சட்டத்தின்படி தங்கம் சிறுகனிமம் அன்று. 2015-ல் வந்த திருத்தத்திற்குப் பின் குத்தகை ஏலத்தில் போகிறது. சில கிராம் பொன்னுக்காகக் குழியில் இறங்குகிற குடும்பம் எந்த ஏலத்தில் நின்று கேட்கும்? அனுமதி கொடுத்தால் காடு அழியும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. யானை நடமாடும் வனத்தை யாரும் தொடலாகாது. வனத்துக்குப் புறம்பான இடங்களிலாவது, தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சிறு உரிமம் தந்து, பாதரசம் இல்லாமலே பொன்னைப் பிரிக்கிற குலுக்கு மேசைகளை ஏன் கொடுக்கக் கூடாது? கொலம்பியாவிலும் பெருவிலும் சிறு சுரங்கத்தார் சங்கங்கள் ஃபேர்மைண்டு என்ற சான்று பெற்று, உலக விலைக்கு மேல் ஒரு தொகை கூடுதலாக வைத்து விற்கின்றன.

உருக்கிவிட்டால் பொன்னுக்கு ஊர் தெரியாது என்பார்கள். உண்மைதான், ஆகையால் உருக்குவதற்கு முன்பே, சுத்திகரிப்பு ஆலையின் வாசலிலேயே மூலத்தைப் பதிவுசெய்யச் சர்க்கார் விதி செய்யவேண்டும். வாசகர்களும், அடுத்த முறை நகைக் கடைக்குப் போகும்போது, மாற்றையும் செய்கூலியையும் சேதாரத்தையும் விசாரிக்கிற அதே குரலில், இந்தத் தங்கம் எங்கே வெட்டியது என்று கடைக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள்.